வெள்ளவத்தைப் பயண முகவர் ஒருவரின் கேள்வி: எல்லாவற்றையும் திறந்த மூலத்துக்கு மாற்றலாமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். வெள்ளவத்தையில் ஒரு சிறிய பயண முகவர் நிலையம். விமான டிக்கெட் போடுகிறார்கள், கனடாவிலும் லண்டனிலும் இருந்து வரும் குடும்பங்களுக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்கிறார்கள். சொந்தமாக மூன்று வான், நுவரெலியாவில் ஆறு அறையோடு ஒரு விடுதி. முன்பதிவு, கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில். அதற்கு டொலரில் ஆண்டுச் சந்தா, இந்த முறையும் கூட்டிவிட்டார்கள். மொரட்டுவையில் படிக்கும் மருமகன், "எல்லாத்தையும் ஓப்பன் சோர்ஸுக்கு மாத்துங்கோ மாமா, ஒரு சதமும் செலவில்லை" என்கிறான். ஓப்பன் சோர்ஸ் என்றால் திறந்த மூலம், நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய மென்பொருள். மாற்றலாமா, மாற்றினால் என்ன லாபம், இதில் ஏதாவது பொறி இருக்கிறதா?

மருமகன் சொல்வதில் பாதி சரி. "ஒரு சதமும் செலவில்லை" என்பதுதான் பிழையான பாதி. பயணத் தொழிலுக்கு மென்பொருள் எழுதுவதும் பராமரிப்பதுமாகக் கொழும்பில் இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது எனக்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இலவசம் என்பதற்காக மாறியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். நிலைத்து நிற்பவர்களுக்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் கந்தோரில் 2005, 2006 அளவில் தமிழில் அடித்த கடிதங்கள் இருக்கும். அநேகமாகப் பாமினி எழுத்துருவில். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் இராது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கும். ஏனென்றால் அந்தக் கோப்புக்குள் தமிழ் என்றுமே இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருந்தார்கள், புள்ளிக்குப் பதில் உள்ளே இருந்தது அரைப்புள்ளிதான். யூனிகோடில் அடித்த கடிதம் அப்படியல்ல, எந்தப் போனில் திறந்தாலும் தமிழாகவே திறக்கும். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனாலும் நாம் பல வருடம் பாமினியிலேயே அடித்தோம், கைக்குப் பழகிவிட்டது என்பதற்காக.

உங்கள் முன்பதிவு மென்பொருளும் ஒரு பாமினிதான். உள்ளே இருக்கும் பயணிகளின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், யார் எந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார், யாருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டது, எவர் மரக்கறி மட்டும் சாப்பிடுவார் என்ற குறிப்புகள் எல்லாம் உங்களுடையவை. அவற்றைப் படிக்கும் சாவி மட்டும் இன்னொருவர் கையில். அவர் கடையைப் பூட்டினால்?

பூட்டிய கதை ஒன்று எனக்குத் தெரியும், நானே அதில் மாட்டிக்கொண்டவன். நான் முன்னர் வேலை செய்த ஒரு நிறுவனத்துக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்த மென்பொருள் இருந்தது. நல்ல மென்பொருள், குறை சொல்ல மாட்டேன். அவர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். கொஞ்ச நாளில் மின்னஞ்சலுக்குப் பதில் நின்றுபோனது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் எங்கள் யாருக்கும் தெரியாது, அதை எழுதித் தரும்படி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. ஒரு நாள் சேவையகக் கணினியின் வன்தட்டு போனது. ஏழு வருட வாடிக்கையாளர் விபரங்களை அச்செடுத்த பற்றுச்சீட்டுகளில் இருந்து இரண்டு பிள்ளைகள் நாலு மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். காப்புப் பிரதி இருந்தது. திறக்கத்தான் ஒன்றும் இல்லை.

ஆகவே மூன்று விஷயத்தைத் தனித்தனியாகப் பாருங்கள், மருமகன் மூன்றையும் ஒரே சொல்லில் குழைத்துவிட்டான். திறந்த மூல மென்பொருள் என்றால் அதன் மூலநிரல், அதாவது எழுதியவர் எழுதிய நிரல் வரிகள், எல்லோருக்கும் கிடைக்கும், மாற்றலாம், பகிரலாம். லினக்ஸ் என்ற இயங்குதளம், இணையத்தளம் கட்டும் வேர்ட்பிரஸ், கடிதமும் அட்டவணையும் போடும் லிப்ரே ஆபிஸ் எல்லாம் இந்த வகை. திறந்த தரநிலை என்பது வேறு: இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் மொழி எல்லோருக்கும் தெரிந்ததாக இருப்பது. லங்கா கியூஆர் அதற்கு நல்ல உதாரணம். கடையில் ஒட்டியிருப்பது ஒரு குறியீடுதான், வாடிக்கையாளர் எந்த வங்கியின் செயலியை வைத்திருந்தாலும் காசு வந்து சேர்கிறது. அந்தச் செயலிகளின் மூலநிரலை யாரும் வெளியிடவில்லை, வெளியிடத் தேவையும் இல்லை. மூன்றாவது திறந்த அமைப்பு. ஒரே விற்பனையாளரின் இயந்திரமும் இயங்குதளமும் மென்பொருளும் சேர்ந்த மூட்டையாக இல்லாமல், ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்கிப் பொருத்தவும் கழற்றவும் முடிகிற அமைப்பு. என் கணக்கில் உங்களைப் போன்றவருக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டியது. மென்பொருள் மூடியதாக இருந்தாலும் தரவு திறந்த வடிவில் வெளியே வருமானால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

திறந்த அமைப்பு என்ற சொல்லுக்குப் பயணத் தொழிலில் ஒரு பழைய கதை உண்டு, சுவையானது என்பதால் சொல்கிறேன். நீங்கள் டிக்கெட் போடும் கறுப்புத் திரையின் தாத்தா சேபர் என்ற விமான முன்பதிவு முறை. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் கட்டியது. அந்தக் காலத்து முன்பதிவு முறைகளின் வழியில் வந்ததுதான் ஐபிஎம்மின் டிபிஎஃப் என்ற இயங்குதளம். ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் மட்டும் ஓடும், பயங்கர வேகம், ஆனால் அதற்கு நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வருடா வருடம் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள். ஏர் பிரான்ஸ், லுப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 1987இல் தொடங்கிய அமேடியஸ் என்ற முன்பதிவு முறையும் அதே டிபிஎஃபில்தான் வளர்ந்தது. அப்புறம் அதிலிருந்து துண்டு துண்டாகக் கழன்று, 2017இல் கடைசிப் பெருங்கணினியையும் நிறுத்தி, முழுவதும் லினக்ஸில் ஓடும் திறந்த அமைப்புக்கு வந்துவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே இயந்திரத்தை மாற்றுகிற வேலை அது, எத்தனையோ வருடம் பிடித்தது.

பெரியவர்கள் வாங்கிப் பயன்படுத்தியதோடு நிற்கவும் இல்லை. ஆர்பிட்ஸ் என்ற அமெரிக்கப் பயணத்தளம் தன் சேவையகங்களைக் கண்காணிக்க எழுதிய கிராஃபைட்டை 2008இல் திறந்த மூலமாக வெளியிட்டது. தங்குமிடம் வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் 2014இல் பிறந்த, தரவு வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஏர்ஃப்ளோவை இன்று பயணத்துக்குச் சம்பந்தமே இல்லாத வங்கிகள்கூடப் பயன்படுத்துகின்றன. புக்கிங்.கொம் என்ற விடுதி முன்பதிவுத் தளம் நீண்ட காலம் பேர்ல் என்ற நிரல் மொழியிலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்திலும் ஓடியது, இரண்டும் திறந்த மூலம். இலட்சக்கணக்கான முன்பதிவுகளைத் தாங்கிய பண்டம் உங்கள் ஆறு அறையைத் தாங்காதா என்று பயப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. உள்ளே லினக்ஸ் ஓடினாலும் உங்கள் முன்னால் இருக்கும் திரை திறக்கவில்லை. விமான நிறுவனங்களின் இருக்கையும் கட்டணமும் ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருக்கும் விஷயங்கள். அமேடியஸுக்கோ சேபருக்கோ கலிலியோவுக்கோ பதிலாக நிறுவிக்கொள்ளத் திறந்த மூலம் என்று ஒன்று கிடையாது, வரவும் வராது. விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா 2012இல் தொடங்கிய என்டிசி, நிறுவனங்கள் இருக்கையையும் கட்டணத்தையும் முகவர்களுக்கு அனுப்பும் செய்திக்கான ஒரு தரநிலைதான், அந்தச் செய்தியின் வடிவத்தை யாரும் படிக்கலாம். ஆனால் வடிவம் தெரிந்தால் மட்டும் இருக்கை தர மாட்டார்கள், ஒவ்வொரு நிறுவனத்தோடும் உடன்பாடு வேண்டும், அல்லது அந்த உடன்பாடுகளை ஏற்கனவே வைத்திருக்கும் இடைத்தரகர் ஒருவர் வேண்டும். ஆகவே டிக்கெட் மேசையை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் மருமகனைக் கை வைக்க விடாதீர்கள்.

சரி, மிச்சத்துக்கு வருவோம். ஏன் இலங்கையில் இது வேறு எந்த நாட்டையும்விட முக்கியம் என்றால், டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. மே மாதம் 360ஐத் தொட்டது. 1,000 டொலர் சந்தா இரண்டு இலட்சத்தில் இருந்து இரண்டு மாதத்துக்குள் மூன்று இலட்சத்து அறுபதாயிரம். மென்பொருள்காரர் ஒரு சதமும் கூட்டாமலே இது நடந்தது. அந்த நேரத்தில் காசு கையில் இருந்தாலும் கட்ட முடியாமல் போனவர்களைத் தெரியும், வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கவில்லை. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வேறு.

இன்னொரு பக்கம் நம் தொழிலின் ஏற்ற இறக்கம். 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அதன்பின் கொரோனா, 2021இல் வந்தவர்கள் ஒரு இலட்சத்து 94 ஆயிரம். 2024இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. வருமானம் இப்படிப் பத்தில் ஒன்றாகி, மறுபடி பத்து மடங்காகும் தொழிலில், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான டொலர் சந்தா ஒரு கழுத்துக் கயிறு. திறந்த மூலத்தில் நீங்கள் கட்டுவது பெரும்பாலும் இங்கே இருக்கும் ஒரு ஆளுக்கு, ரூபாவில். வேலை குறைந்தால் அவரோடு பேசிக் குறைக்கலாம். சேவையக வாடகை, அதாவது மென்பொருள் ஓடும் இணையக் கணினியின் வாடகை, டொலரில்தான், மறைக்கவில்லை. ஆனால் உங்கள் அளவுக்கு மாதம் 5 முதல் 10 டொலர் போதும், டொலர் இரட்டித்தாலும் மூச்சு நிற்காது.

எதில் தொடங்குவது என்று கேட்டால், வான். யாரும் இதை முதலில் சொல்ல மாட்டார்கள், ஆனால் லாபம் உடனே கண்ணுக்குத் தெரிவது இதில்தான்.

இப்போது வானில் ஜிபிஎஸ் கருவி பூட்டியிருப்பீர்கள், அல்லது யாராவது விற்க வந்திருப்பார்கள். கருவி விலை ஒரு தடவை, அப்புறம் வாகனத்துக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். கட்டணத்தை நிறுத்தினால் அதுவரை ஓடிய பாதையின் பதிவும் போய்விடும். உண்மையில் அந்தக் கருவி செய்வது சின்ன வேலை. உள்ளே ஒரு சிம் இருக்கிறது, சில நொடிக்கு ஒருமுறை தான் நிற்கும் இடத்தை ஒரு சேவையக முகவரிக்கு அனுப்புகிறது. பல கருவிகளில் அந்த முகவரியை ஒரு குறுஞ்செய்தியால் மாற்றலாம். மாற்றி, உங்கள் சேவையகத்தில் டிராக்கார் என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவினால் போதும். கருவிகள் பேசும் இருநூறுக்கு மேற்பட்ட மொழிகள் (நெறிமுறைகள்) அதற்குப் புரியும், சந்தையில் கிடைக்கும் மலிவான சீனக் கருவிகள் அநேகமாக அதற்குள் அடங்கும். எங்கே நின்றது, எவ்வளவு நேரம், என்ன வேகம், கட்டுநாயக்கா எல்லைக்குள் நுழைந்ததும் ஒரு அறிவிப்பு, எல்லாம் வரும். ஓட்டுநரின் போனையே கருவியாக்கும் செயலியும் உண்டு, வாடகைக்கு எடுக்கும் நாலாவது வானுக்கு அது வசதி.

இரவு இரண்டு மணிக்கு ரொரன்ரோவில் இருந்து ஒரு குடும்பம் இறங்குகிறது, விடிய யாழ்ப்பாணத்தில் அம்மம்மா காத்திருக்கிறார். வான் எங்கே என்று பார்க்கக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஒரு இணைப்பை அந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டால், விடிய விடிய உங்களுக்கு வரும் இருபது தொலைபேசி அழைப்புகள் வராது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: கருவியின் சேவையக முகவரியை நானே மாற்றலாமா? சிலர் பூட்டி விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். ஓட்டுநரிடம் சொல்லாமல் பூட்டாதீர்கள். அது சட்டத்தைவிட மரியாதைப் பிரச்சினை.

வரைபடமும் வானோடு சேர்ந்த கதை. 2004இல் லண்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உலக வரைபடம். ஓஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் அதன் தரவில் ஓடுகின்றன. இலங்கை முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் மலைநாட்டில் எல்ல என்ற ஊருக்குப் போகும் வழியில் சிக்னல் செத்தாலும் வரைபடம் சாகாது. அதில் ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் எழுதத் தனித்தனி இடம் உண்டு. உங்கள் பயணிகள் தேடும் சின்னச் சின்னக் கோயில்கள் அதில் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். ஒரு மழைநாள் மத்தியானத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆறு கோயில்களை நான் சேர்த்திருக்கிறேன், வேறு வேலையில்லாத நேரத்தில் செய்யப் பிடித்த வேலை அது.

கூகுள் தன் வரைபடச் சேவையின் விலை முறையை 2018இல் மாற்றியபோது, இணையத்தளத்தில் சும்மா ஒரு வரைபடம் வைத்திருந்த பலர் கடன் அட்டையைப் பதிய வேண்டி வந்தது. அப்போது நிறையப் பேர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் லீஃப்லெட் என்ற சிறிய நிரல் தொகுப்புக்கும் மாறினார்கள். உங்கள் தளத்துக்கு அது தாராளமாகப் போதும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் தரவு என்று சொல்லும் வரியை மட்டும் வரைபடத்தின் மூலையில் வைத்துவிட வேண்டும், அது நிபந்தனை. ஆனால் பின்னேரம் ஐந்தரைக்குக் காலி வீதியில் எங்கே நெரிசல் என்று பார்க்க வேண்டுமா, கூகுளையே பாருங்கள். அதில் போட்டியே இல்லை.

அடுத்தது நுவரெலியா விடுதி. இங்கே நான் கொஞ்சம் மருமகனுக்கு எதிர்க்கட்சி. உங்கள் அறைகள் ஏர்பிஎன்பியிலும் புக்கிங் தளத்திலும் இருக்கின்றன, நேரடியாகவும் ஆட்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே அறையை இருவருக்கு விற்காமல் இருக்க எல்லா நாட்காட்டியும் ஒத்துப்போக வேண்டும். ஐகேலண்டர் என்ற திறந்த தரநிலை 1998இல் இருந்து இருக்கிறது. இரண்டு தளங்களும் அந்த வடிவில் ஒரு இணைப்புத் தரும், ஒன்றின் இணைப்பை மற்றதில் ஒட்டிவிட்டால் ஒன்றில் விற்ற நாள் மற்றதில் மூடிக்கொள்ளும். ஒரு செலவும் இல்லை. உங்கள் சொந்தத் தளத்துக்கு குலோஆப்ஸ் என்ற திறந்த மூல விடுதி முன்பதிவு மென்பொருள் இருக்கிறது, அல்லது வேர்ட்பிரஸில் ஒரு முன்பதிவுச் செருகுநிரல் போதும்.

குறை என்னவென்றால் ஐகேலண்டர் உடனே பேசாது. தளங்கள் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும், விலையையும் கொண்டுபோகாது, நாள் மூடியதா திறந்ததா என்பது மட்டும்தான். மற்ற மாதங்களில் இது பரவாயில்லை. ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலத்தில் அந்தச் சில மணித்தியாலத்துக்குள் ஒரே அறை இரண்டு தரம் விற்றுப்போகும். இரண்டு குடும்பம் குளிரில் பெட்டிகளோடு வாசலில் நிற்கும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன், மறுபடி பார்க்க விருப்பமில்லை. ஆகவே ஏப்ரல் வியாபாரம் உங்களுக்குப் பெரிதென்றால், தளங்களோடு நேரடியாக இணையும் சேனல் மேனேஜர் ஒன்றுக்குக் காசு கட்டுங்கள். மூடிய மென்பொருள்தான், இருக்கட்டும். கட்டுவதற்கு முன் அதற்கு வெளியாட்கள் தங்கள் மென்பொருளை இணைக்கக்கூடிய வாசல் (ஏபிஐ) இருக்கிறதா, முன்பதிவுகளைக் கோப்பாக எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். 1999இல் தொடங்கிய ஓப்பன்டிராவல் கூட்டமைப்பின் செய்தி வடிவங்களை ஆதரிப்பது என்றால் இன்னும் நல்லது, நாளைக்கு வேறொன்றுக்கு மாற வசதி.

கணக்குக்கு இரண்டு பெயர் அடிபடும், ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட். ஓடூ பெல்ஜியத்துக்காரர்களுடையது, பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அதில் இரண்டு பதிப்பு: சமூகப் பதிப்பு திறந்த மூலம், நிறுவனப் பதிப்பு சந்தா. முழுக் கணக்கியல் பகுதி இரண்டாவதில்தான் இருக்கிறது, முதலாவதில் பற்றுச்சீட்டு போடலாம், அதற்கு மேல் போகப் போகக் கையைப் பிடித்துச் சந்தாப் பக்கம் அழைத்துப்போவார்கள். பிழையில்லை, அவர்களும் சாப்பிட வேண்டுமே. தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான். மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்டில் கணக்கியல் முழுவதும் திறந்தே இருக்கிறது. கற்க நாள் எடுக்கும். எதை எடுத்தாலும் உங்கள் கணக்காளர் சரி என்று சொல்லாமல் மாற்றாதீர்கள், 18 சதவீத வற் கணக்கு பிழைத்தால் மென்பொருளைக் குறை சொல்லித் தப்ப முடியாது. மாற்றுவதென்றால் வரி வருடம் தொடங்கும் ஏப்ரல் முதலாம் திகதி மாற்றுங்கள். வருட நடுவில் மாற்றி இரண்டு புத்தகத்தைச் சேர்த்துத் தைத்த கணக்காளர் ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இணையத்தளம் பற்றி நீட்டத் தேவையில்லை. வேர்ட்பிரஸ். உலக இணையத்தளங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதில்தான், கொழும்பில் தடுக்கி விழுந்தால் அது தெரிந்த ஒரு பிள்ளை மேல்தான் விழுவீர்கள். அட்டை இலக்கத்தை உங்கள் தளத்தில் வாங்காதீர்கள், உள்ளூர்க் கொடுப்பனவு நுழைவாயிலின் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

கடிதம், விலைப்பட்டியல், பயண நிரலுக்கு லிப்ரே ஆபிஸ். இங்கே ஒரு உண்மையைப் பேசிவிட வேண்டும். நம் ஊரில் திறந்த மூலத்தின் போட்டியாளர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இல்லை, களவாக நிறுவியது. பம்பலப்பிட்டியில் குறுந்தட்டு வாங்கி வந்த காலத்தில் இருந்து இதுதான் நிலை. எல்லாம் ஏற்கனவே இலவசமாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற வேண்டும் என்பதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம், அதை விடுங்கள். களவாக உடைத்த மென்பொருளில் அதை உடைத்தவன் என்ன வைத்தான் என்று யாருக்கும் தெரியாது, இற்றைப்படுத்தவும் முடியாது. அந்தக் கணினியில்தான் நீங்கள் கனடாக் குடும்பத்தின் கடவுச்சீட்டுப் பிரதிகளை வைத்திருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரதிகளுக்கு உங்களைப் போன்றவரைப் பொறுப்பாளி ஆக்கவே எழுதப்பட்டது. காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது திறந்த மூலத்தைப் போடுங்கள். நடுவில் நிற்காதீர்கள். காசுக்கு விற்கும் வேர்ட்பிரஸ் தோற்றங்களை "ஓசியில்" தரும் தளங்களுக்கும் இதே பேச்சுத்தான்.

இனி நீங்கள் கேட்ட பொறி. திறந்த மூலத்திலும் ஓட்டை விழும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சின்ன நிரல் தொகுப்பில் கண்டுபிடித்த ஓட்டை உலகம் முழுவதையும் தூக்கத்தில் இருந்து எழுப்பியது. திருத்தம் சில நாட்களில் வந்துவிட்டது, ஆனால் அதைப் போய் நிறுவ ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் வேண்டும். உங்கள் கந்தோரில் அந்த ஆள் யார்? மருமகன் என்று சொல்லாதீர்கள், அவன் படிப்பு முடிந்ததும் மெல்பேர்ன் போய்விடுவான். சந்தாவில் மிச்சம் பிடிக்கும் காசில் பாதியை மாதம் சில மணித்தியாலம் வேலை செய்யும் ஒருவருக்கு ஒதுக்குங்கள். இற்றைப்படுத்தல், காப்புப் பிரதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பார்த்தல், இவைதான் அவர் வேலை. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் மாறுகிறவர்களைத்தான் இரண்டாம் வருடம் திரும்பி வருகிறார்கள் என்று முதலில் சொன்னேன்.

அந்த ஒருவர் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் பழைய நிறுவனத்தின் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். அங்கே எழுதியவர் போனதும் அறிவும் கூடவே போனது. இங்கே மென்பொருள் எல்லோருக்கும் தெரிந்தது, அடுத்தவர் வந்து விட்ட இடத்தில் தொடங்குவார். மென்பொருளின் சொந்தக்காரரே மாறினாலும் இதே கதைதான். 2010இல் ஓப்பன்ஆபிஸ் ஆரக்கிள் கைக்குப் போனபோது அதை எழுதியவர்களில் பலர் அதே நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள், பயன்படுத்தியவர்கள் கோப்புகளோடு பின்னால் போனார்கள். ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிய இங்கே இருந்த தன்னார்வலர்கள் சில கிழமைக்குள் எழுதிய சஹானா, மறு வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் வாங்கியது. அந்த வழியில் வந்த பிள்ளைகள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். சந்தாவைப் புதுப்பிக்கும் திகதிக்கு இரண்டு மாதம் முன்னதாக, இப்போதைய மென்பொருள்காரருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எங்கள் வாடிக்கையாளர், முன்பதிவு, கணக்கு விபரங்கள் முழுவதும் சிஎஸ்வி கோப்பாக (எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கும் எளிய கோப்பு) வேண்டும், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள் என்ற குறிப்போடு. மாறப்போவதாகச் சொல்லத் தேவையில்லை, காப்புக்கு என்று சொல்லுங்கள். ஒரு கிழமைக்குள் கோப்பு வந்தால் அவர் நல்லவர், விலையைப் பேசிப் பார்க்கலாம், வானையும் இணையத்தளத்தையும் மட்டும் இந்த வருடம் மாற்றினால் போதும். மேலதிகக் கட்டணம் கேட்டாலோ, எங்கள் முறையில் அது முடியாது என்றாலோ, புதுப்பிப்பதை ஒரு வருடத்தோடு நிறுத்தி, அந்த வருடத்துக்குள் வெளியேறும் வேலையைத் தொடங்குங்கள்.

பதில் வரும்வரை மருமகனைச் சும்மா வைத்திருக்க வேண்டாம். பழைய பாமினிக் கடிதங்களையும் பயண நிரல்களையும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அவனிடம் கொடுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோயில் பெயர்களில் வரும் "ஸ்ரீ", கிரந்த எழுத்துகள், கோப்புக்குள் நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள், இந்த மூன்றில் மாற்றி சறுக்கும். அவற்றை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.